பூ டீச்சர் எழுதிய ‘பு’

செய்தி பஸ்ஸில் வந்தது. காஹாங்கிலிருந்து அடித்த தந்தி என் பெயருக்கு வரவில்லை. என் கணவர் தொடங்கிய பஸ் கம்பெனியின் பெயருக்கு வந்திருந்தது. தங்காக்கில் எங்கள் குடும்பத்தைத் தேடுகிறவர்களுக்கு அதுதான் எளிதான விலாசம். காலை ஏழு மணிக்குக் கண்டக்டர் அதை எடுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தான். பஸ் உறுமிக்கொண்டே நின்றது. படியில் தொங்கியபடி அவன் கத்தியது எனக்குக் கேட்கவில்லை.

“எஞ்சினை நிறுத்திட்டுச் சொல்லுப்பா!”

“நிறுத்துனா மறுபடி கம்பி போட்டுச் சுத்தணும் பெரிய டீச்சர்! பூ டீச்சர் போயிட்டாங்களாம்!”

தாளை என் கையில் திணித்துவிட்டுப் போனான். பஸ் விட்டுச்சென்ற நீலப் புகை கலைந்த பிறகே எழுத்துகள் தெரிந்தன. ஞானப்பூ டீச்சர் எந்தப் புகையைப் பற்றிப் பேசினாரோ அதே புகைக்குள் நின்றுதான் அவருடைய மரணச் செய்தியைப் படித்தேன்.

நம் மாதா கோயில் வளாகத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அவரிடம் அரிச்சுவடி படித்தவர்கள் உங்களில் பலர். பிள்ளைகளை அவரிடம் ஒப்படைத்துவிட்டு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர்கள் இன்னும் பலர். அவரைப் பற்றி நல்ல வார்த்தை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நீங்கள். தலைமையாசிரியை என்ற முறையில் கோயில் இதழுக்கு இந்த அஞ்சலியை என்னை எழுதச் சொன்னார்கள். நான் எழுதுவது பாராட்டாக மட்டும் இருக்காது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருந்தவரை அவரை ‘நீ’ என்றே அழைத்தேன். இங்கே ‘அவர்’ என்று எழுதுகிறேன். இந்த மரியாதை தாமதமாக வருவது எனக்குத் தெரியும்.

முதல் நாள் அவர் வந்தபோது நான் சொல்வதைக் கேட்டு எழுதச் சொன்னேன். மலாக்காவில் கன்னியர் மடத்தில் படித்தவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் அந்த மனிதரிடமே ஏதோ குறை இருப்பதாக நினைக்கும்படி வளர்ந்தவள். அவர் எழுதிய பத்து வரியில் நான்கு இடத்தில் ரகரமும் றகரமும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. சிவப்பு மையால் வட்டமிட்டுக் காட்டினேன். அவர் கூசவில்லை.

“எழுத்துக்கும் எனக்கும் எப்பவும் கொஞ்சம் சண்டைங்க பெரிய டீச்சர். பிள்ளைங்களோட சண்டையே வராது.”

வேறு ஆள் கிடைக்காததால் சேர்த்துக்கொண்டேன். ஒரு மாதத்துக்குள் பிள்ளைகள் அவர் பெயரைச் சுருக்கிப் ‘பூ டீச்சர்’ ஆக்கிவிட்டார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆசிரியையின் பெயரைச் சுருக்குவது ஒழுங்கல்ல என்று கண்டித்தேன். “முழுசா கூப்பிட மூச்சு வேணுமேங்க, சின்னப் பிள்ளைங்க,” என்றார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்றுதான் அன்று எடுத்துக்கொண்டேன்.

மூச்சைப் பற்றிய பேச்சு எங்கிருந்து வந்தது என்பதை வெளியூரார்க்குச் சொல்ல வேண்டும். பள்ளியை ஒட்டிய நிலம் என்னுடையது. என் கணவர் அங்கே தகரக் கூரை போட்டு பஸ் நிறுத்தம் அமைத்து, தம் பெயரைப் பெரிதாக எழுதிப் பலகை மாட்டினார். அவர் காலத்தில் ஒரு பஸ். அவருக்குப் பின் அவருடைய தம்பி மகன் சவரிமுத்து நிர்வாகத்தில் நான்கு பஸ். காலையில் நான்கும் சாலையைப் பார்த்து முகமும் பள்ளியைப் பார்த்துப் பின்புறமுமாக நிற்கும். நிறுத்தினால் மறுபடி இரும்புக் கம்பியைச் செருகிக் கை வலிக்கச் சுற்ற வேண்டும் என்பதால் ஆள் சேரும்வரை எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். ரப்பர் விலை விழுந்ததிலிருந்து சவரிமுத்து பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலக்க ஆரம்பித்தான். அன்றிலிருந்து புகையின் நிறம் மாறியது. வேலியோரச் செம்பருத்தியின் இலைகள் பிசுபிசுத்துக் கறுத்தன. பிறகு அது பூப்பதையே நிறுத்திவிட்டது. பள்ளி வாசல் சாக்கடையில் எண்ணெய் பளபளத்தது. பிள்ளைகள் சிரட்டையில் பிடித்து விளையாடிய பொடி மீன்கள் காணாமற்போயின. என் வீடு காற்று வரும் திசையில் இருந்தது. புகை ஒரு நாளும் என் வீட்டுக்குள் வந்ததில்லை.

பூ டீச்சரின் வகுப்பு அந்தப் பக்கத்து அறை. ஒரு நாள் அவர் ஈரத் துணி ஒன்றை என் மேசைக்குக் கொண்டுவந்து விரித்தார். கரி அப்பியிருந்தது.

“சிலேட்டுத் துணியை இங்கே ஏன் கொண்டுவந்தாய்?” என்றேன்.

“சிலேட்டுத் துணி இல்லீங்க. பிள்ளைங்க மூக்குத் தொடச்சது. இனிமே ரெண்டுக்கும் ஒரே துணி போதும்போல.”

அதை எடுத்துப் போகச் சொன்னேன். மேசையில் ஈரம் பட்டுவிட்டது என்பதே அப்போது எனக்குப் பெரிய கவலை.

அந்த ஆண்டு பள்ளி இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன் எல்லா வகுப்புகளின் வருகைப் பதிவேடுகளையும் பார்த்தேன். வந்த பிள்ளைக்குக் கோடு, வராத பிள்ளைக்குச் சுழி. மடத்தில் நான் கற்ற முறை அது. பூ டீச்சரின் ஏட்டிலோ சுழிக்குப் பக்கத்தில் பொடியாக எழுத்துகள். அதிகமாக இருந்தது ‘பு’. பக்கத்துக்குப் பக்கம் பு, பு, பு. ஏட்டை எடுத்துக்கொண்டு நேரே அவர் வகுப்புக்குப் போனேன்.

“ஏட்டுல உன் பேரைப் போட உனக்கு யார் அதிகாரம் கொடுத்தா? அதையாவது ஒழுங்கா போடக் கூடாதா? பூவுக்கு நெடில்கூடத் தெரியாதா உனக்கு?”

அவர் பக்கத்தைப் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

“அது நான் இல்லீங்க பெரிய டீச்சர். அது புகை.”

“என்ன?”

“காய்ச்சல்னா கா. மழைன்னா ம. இருமி மூச்சு வாங்கி வராம போனா பு. எண்ணிப் பாருங்க, சன்னல் வரிசைல உக்கார்ற பிள்ளைங்களுக்குத்தான் பு ஜாஸ்தி. பஸ்ஸு ஓடாத நாளுக்கு மறுநாள் அவ்வளவா இருக்காது.”

முன் பெஞ்சில் ரோசலி என்ற சிறுமி. ஏழு வயது, இழுப்பு உள்ள பிள்ளை. “பெரிய டீச்சருக்குப் பு தெரியல!” என்று பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி நிற்காமல் போயிற்று. பூ டீச்சர் போய் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

அந்த நேரத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். தவறாகப் புரிந்துகொண்டேன் என்று சொல்லிவிட்டு, அந்தப் ‘பு’க்களை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் எழுத்துப் பிழைக்காகப் பிறரைத் திருத்தியே பழகிய நான், பிள்ளைகள் முன்னால் ஓர் எழுத்தைத் தவறாகப் படித்துவிட்டேன். அதை என்னால் தாங்க முடியவில்லை.

“கோடு, சுழி. வேற எதுவும் ஏட்டுல கூடாது. புது ஏட்டுல முதல்லேருந்து எழுதிக் கொடு.”

“இதை அழிச்சிட்டா யாருக்குங்க தெரியும்?”

“யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.”

மூன்று நாள் பிற்பகல்களில் உட்கார்ந்து எழுதினார். மை சிந்திய இரண்டு பக்கங்களை நான் திருப்பிக் கொடுத்தேன். அவற்றையும் மறுபடி எழுதினார். பழைய ஏட்டை வீட்டுக்கு எடுத்துப் போய் அடுப்பில் போட்டேன்.

அதன் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்காமல் ஒரு காரியம் செய்தார். காலையில் பஸ்கள் நிற்கும் நேரத்தில் தம் வகுப்பைக் கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். விஷயம் தெரிந்து நான் போனபோது பிள்ளைகள் சிலுவைகளின் மேல் இருந்த பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்கள். என் கணவரின் கல்லறை மேல் ஆறு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அதன் வழவழப்பான கல்லில் சுண்ணக்கட்டியால் கூட்டல் கணக்கு எழுதியிருந்தது.

நான் போட்ட சத்தத்தில் பிள்ளைகள் சிதறினார்கள். செத்தவர்கள் நடுவில் பாடம் நடத்தும் வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டேன்.

“செத்தவங்க யாரும் புகை விடறதில்லீங்களே,” என்றார் அவர். பிறகு தம் முந்தானையாலேயே கல்லைத் துடைத்தார். “ஐயா கோவிச்சுக்க மாட்டாருங்க. அவர் பஸ்ஸால போன மூச்சை அவர் கல்லுல உக்காந்து வாங்கிக்கிறாங்க.”

அந்த வாக்கியத்துக்காக ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன். கல்லறை வகுப்பு நின்றது. பிள்ளைகள் சன்னலோரத்துக்குத் திரும்பினார்கள்.

பெற்றோர் சேர்ந்து டவுன் போர்டுக்கு மனுக் கொடுத்தார்கள். பஸ்களை வேறிடத்துக்கு மாற்றக் கேட்டு. விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். அவருக்கு ஆங்கிலமும் மலாயும்தான். பெற்றோர் பத்துப் பேர், பூ டீச்சர், சவரிமுத்து எல்லோரும் என் அறையில் நின்றார்கள். அதிகாரி எனக்கு மட்டும் நாற்காலி போடச் சொன்னார். நான் பேசும் ஆங்கிலத்தை மெச்சினார். மொழிபெயர்க்கும் வேலை இயல்பாக என்னிடம் வந்தது.

புதிய ஏட்டைப் புரட்டினார். கோடும் சுழியும். கையெழுத்து எவ்வளவு சுத்தம் என்று பாராட்டினார். எல்லாப் பள்ளியிலும் பிள்ளைகள் வராமல் போவதுண்டு, இதில் எது புகையால் என்று எப்படிச் சொல்வது என்றார். பிறகு பூ டீச்சரைக் காட்டி என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: “வராத காரணத்தை இவர் எங்கேயாவது குறித்து வைத்தாரா என்று கேளுங்கள்.”

நான் தமிழில் கேட்டேன்: “வந்தது வராதது எல்லாம் இந்த ஏட்டில்தானே இருக்கிறது?”

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். “இந்த ஏட்டுல இருக்கறது நீங்க எழுதச் சொன்னதுங்க,” என்றார்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: “எல்லாம் இதில்தான் இருக்கிறது என்கிறார்.”

அதிகாரி ஏட்டை மூடினார். அவர்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. என் வழியாக வந்ததைத்தான் அவரால் கேட்க முடிந்தது. பஸ்கள் அங்கேயே நிற்கலாம் என்று பதில் வந்தது. வெளியே போகும்போது பூ டீச்சர் என் பக்கத்தில் நடந்தார். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்து முகத்தை இறுக்கிக்கொண்டேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: “ரோசலிய நாளைலேருந்து சுவரோரம் மாத்திடறேன் பெரிய டீச்சர். சன்னல் பக்கம் நான் உக்காந்துக்கறேன்.”

தம் நாற்காலியைச் சன்னலுக்கு நேரே போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ரோசலியின் குடும்பம் சில மாதத்தில் மூவாருக்குப் போய்விட்டது. பூ டீச்சரின் நாற்காலி நான்கு ஆண்டு அங்கேயே இருந்தது.

அவருக்கு இருமல் எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. நான் கவனித்தபோது அது பழைய இருமலாகியிருந்தது. நெஞ்சு கெட்டிருக்கிறது, ஓய்வு வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் சொன்னார். எதனால் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. காஹாங் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த தம் அக்காளிடம் போவதாகப் பூ டீச்சர் விடைபெற வந்தார். “காடுதாங்க அங்க. பஸ்ஸே வாரத்துக்கு ரெண்டு நாள்தான்,” என்றார். அதைச் சொன்னபோது அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் வகுப்பை நான் எடுத்தேன். முதல் நாள் காலை பஸ்கள் வந்து நின்றதும் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே ஈரத் துணியை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்கள். எனக்கு இருமல் வந்தது. முன் பெஞ்சுப் பையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

“டீச்சர், நீங்க துணி கொண்டாரலியா?”

“இல்லை.”

“அலமாக், ஐயோ! அப்ப வாயால மூச்சு விடாதீங்க. பெரிய பஸ்ஸு கெளம்புறப்ப பூ டீச்சர் இருபது எண்ணுவாங்க. அதுவரைக்கும் புடிச்சுக்கங்க. நான் எண்ணட்டா?”

அவன் எண்ணினான். மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கன்னம் உப்ப என்னைப் பார்த்தார்கள். அந்த வகுப்பு என்னிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளக் கற்றிருந்தது. அன்றே நான் சவரிமுத்துவைக் கூப்பிட்டிருக்கலாம். நிலம் என்னுடையது. டவுன் போர்டு வேண்டியதில்லை, மனு வேண்டியதில்லை. என் ஒரு வார்த்தை போதும். நான் தச்சரைக் கூப்பிட்டுச் சன்னலை அடைத்தேன். அறை அடுப்பாகக் காய்ந்தது. புகை கதவு வழியாக வந்தது.

தந்தி வந்த மூன்றாம் நாள் காஹாங் போய்ச் சேர்ந்தேன். அடக்கம் முடிந்திருந்தது. தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் அவருடைய அக்காள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்கதான் பெரிய டீச்சரா? அவ சொன்னத வச்சு இன்னும் உசரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்.”

கறுப்புக் காப்பி கொடுத்தார். இங்கே பேச ஆள் இல்லாமல் கஷ்டப்பட்டாரோ என்று எதையோ கேட்டுவைத்தேன்.

“ஏன் இல்லாம? இங்க வெள்ளைக்காரத் துரை பங்களாவுலயே அவளுக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்களே. பன்னண்டு வயசுலேருந்து அஞ்சு வருசம் துரையோட பிள்ளைய இவதானே தூக்கி வளத்தா. இங்கிலீசு எழுத வராது, பேசவும் கூச்சம். ஆனா பேசுனா எல்லாம் புரியும்.”

காப்பிக் கோப்பை என் கையில் இருந்தது. அதைக் கீழே வைக்க இடம் தேடினேன்.

“அந்த அதிகாரி வந்த அன்னிக்கு…” என்று தொடங்கினேன்.

“சொன்னா,” என்றார் அக்காள். “அவரு கேட்டது ஒண்ணு, நீங்க கேட்டது ஒண்ணுன்னு சொன்னா. நான் திட்டுனேங்க. வாய்ல என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு, மலாய்லயாவது சொல்லியிருக்கலாம்லன்னு கேட்டேன். அதுக்கு அவ, ‘பெரிய டீச்சருக்குப் பிழை இருந்தா பொறுக்காதுக்கா. தூங்க மாட்டாங்க. அவங்களே திருத்திடுவாங்க’ன்னா.”

“எப்போது சொன்னார்?”

“அந்த வருசமும் சொன்னா. போன மாசமும் சொன்னா.”

தங்காக் திரும்பியதும் சவரிமுத்துவை அழைத்தேன். பஸ்கள் மறுநாளே மார்க்கெட்டுக்குப் பின்னால் ஆற்றோரத் திடலுக்குப் போக வேண்டும், நிற்கும்போது எஞ்சின் ஓடக் கூடாது, மண்ணெண்ணெய் கலக்கக் கூடாது என்றேன்.

“என்ன பெரியம்மா, திடீர்னு? பெரியப்பா பேரு போட்ட ஸ்டாண்டு அது!”

“பலகையையும் கழற்றிக்கொண்டு போ.”

“அன்னிக்கு டவுன் போர்டு ஆளுகிட்ட எல்லாம் ஏட்டுலயே இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“பொய் சொன்னேன்.”

என் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவன் கேட்டதில்லை. எழுந்து போனான். அதே சொல்லை அதிகாரிக்கும் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருக்கிறேன். பழைய ஏடு ஒன்று இருந்தது, அதில் என்ன இருந்தது, அதை யார் எரித்தது என்பதெல்லாம் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. அவர் என்ன செய்வார் என்று தெரியவில்லை. ஆற்றோரத்தில் மீன் விற்கிறவர்கள் இப்போது டிரைவர்களோடு சண்டை போடுகிறார்கள். எஞ்சினை நிறுத்தும் பழக்கம் இன்னும் முழுதாக வரவில்லை. தினமும் காலையில் நானே போய் நின்று பார்க்கிறேன். பள்ளி அறையின் சன்னலைத் திறந்துவிட்டோம்.

போன ஞாயிறு பூசை முடிந்து பெற்றோர் சிலர் என்னிடம் வந்து நன்றி சொன்னார்கள். ஒரு தாய் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்காகவே இவ்வளவையும் எழுதினேன். தயவுசெய்து எனக்கு யாரும் நன்றி சொல்லாதீர்கள். ஒரு வார்த்தையில் முடிந்திருக்கக் கூடியதை நான்கு ஆண்டுக்கும் மேல் தள்ளிப்போட்டவள் நான். அந்த நான்கு ஆண்டும் உங்கள் பிள்ளைகளுக்கும் சன்னலுக்கும் நடுவில் ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

அவர் கையெழுத்தில் என்னிடம் எதுவும் மிச்சமில்லை. மிச்சமிருப்பது என்னைப் பற்றி அவர் வைத்திருந்த நினைப்பு மட்டும். பிழையைப் பொறுக்காதவள், தானே திருத்திவிடுவாள் என்று கடைசி மாதம்வரை நம்பினார். முதல் நாள் அவர் எழுதிய பத்து வரியில் நான் நான்கு பிழைகள் கண்டேன். இந்த நம்பிக்கை அவற்றைவிடப் பெரிய பிழை. இதை மட்டும் திருத்த எனக்கு மனம் வரவில்லை. அவர் எழுதியபடியே வைத்துக்கொள்கிறேன்.